படிப்பகத்தின் பின்சுவரில் ஒரு வழி கேட்டு

அனுப்புநர்:
ஏழாம் எண் வீட்டில் குடியிருப்பவர்,
(அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துபவர்),
முட்டுச் சந்து, புதிய படிப்பகத்தின் பின்புறம்.

பெறுநர்:
தொகுதி மேம்பாட்டுப் பணிகளின் பொறுப்பு அலுவலர் அவர்கள்.

நகல்:
சட்டமன்ற உறுப்பினர் அவர்களின் பார்வைக்கு.

பொருள்: சட்டமன்ற உறுப்பினர் அவர்களின் முயற்சியால் கட்டப்பட்ட படிப்பகத்தால் பதினோரு வீடுகளின் வழி அடைபட்டிருப்பது – பின்சுவரில் வழி திறக்க அனுமதி கோருவது – என் முந்தைய மூன்று மனுக்களில் இருந்த ஒரு பொய்யைத் திரும்பப் பெறுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

1. தங்கள் அலுவலக மனுப் படிவத்தின் நான்காவது கட்டம் "புகார் யார் மீது?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முந்தைய மூன்று மனுக்களிலும் அந்தக் கட்டத்தில் "உதவிப் பொறியாளர்" என்று தயங்காமல் எழுதினேன். இம்முறை காலியாக விட்டிருக்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

2. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த மனு சட்டமன்ற உறுப்பினருக்கு எதிரானதல்ல. நான் யாரையும் எளிதில் பாராட்டுபவள் அல்ல. தேர்தல் வாக்குறுதிகளை அச்சுப்பிழை பார்க்கும் கண்ணோடு படித்தே பழக்கம். ஆனாலும் கடந்த பதினான்கு மாதங்களில் இந்தப் பகுதிக்கு அவர் செய்தவற்றை மறுக்க முடியாது. எங்கள் சந்துக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. மூன்று தெருவிளக்குகள் வந்தன, மூன்றும் எரிகின்றன. குழாய் பதித்த அன்று காலை ஆறு மணிக்கு முன்னறிவிப்பில்லாமல் வந்து, குழாயைத் திறந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுப் போனார். புகைப்படக்காரர் யாரும் உடன் வரவில்லை. எங்கள் இக்கட்டே இதுதான் ஐயா. கெட்டது செய்தவர் மீது புகார் எழுதுவது எளிது. நாங்கள் கேட்டதைச் செய்து கொடுத்தவரிடம் போய் நிற்க எங்கள் சந்தில் யாருக்கும் நாக்கு எழவில்லை.

3. படிப்பகத்தைக் கேட்டவள் நான். சந்தில் பிள்ளைகள் வீட்டுப் படிகளில் உட்கார்ந்து, தெருவிளக்கில் படிப்பதைப் பார்த்துக் கேட்டேன். சந்துக்காரர்களின் மனுக்களை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன் என்பதால் எனக்கு "மனு அக்கா" என்றே பெயர். அந்த மனுவையும் நானே எழுதி, இடத்தைக் காட்ட ஒரு வரைபடமும் கையால் போட்டு இணைத்தேன்.

4. எங்கள் சந்து தெற்கு வடக்காகக் கிடக்கிறது. தெற்கு முனை பெரிய சாலையில் திறக்கிறது. வடக்கு முனையில் ஒரு கிடங்கின் மதில். வேறு வழி கிடையாது. மதிலை ஒட்டி, பழைய மோட்டார் அறையை இடித்துவிட்ட காலியிடம் ஒன்று உண்டு. தெற்கிலும், சந்து சாலையைத் தொடும் முன்பு புனல் போல் அகன்று, ஏறத்தாழ அதே அளவுக்கு இடம் இருந்தது. நான் கேட்டது வடக்கே, மதிலோரத்து இடத்தை. கட்டடம் வந்திருப்பது தெற்கே, சந்தின் வாயில். இப்போது கட்டடத்துக்கும் முதல் வீட்டின் சுவருக்கும் இடையில் முப்பது அடி நீளத்துக்கு ஓர் இடுக்கு மிஞ்சியிருக்கிறது. அகலம் இருபத்து நான்கு அங்குலம். பதினோரு வீட்டாரும் அதன் வழியாகத்தான் போய் வருகிறோம். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். சமையல் எரிவாயு உருளையைப் படுக்க வைத்து உருட்டுகிறோம். பழவண்டிக்காரரின் வண்டி, சக்கரம் மாற்ற உள்ளே நின்றிருந்தது, உள்ளேயே நின்றுவிட்டது. "பதினோரு வீட்டுக்கு எத்தனை வாழைப்பழம்தான் விக்கிறது? மூணு நாளைக்கு ஒரு தடவை நானே வாங்கித் தின்னுட்டு இருக்கேன்" என்கிறார்.

5. இவை சிரமங்கள். இவற்றுக்காக மட்டும் நான்காவது மனு எழுத மாட்டேன். நான் எழுதுவது என் அக்காவுக்காக.

6. அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. இருபத்தாறு ஆண்டுகள் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பத்தொன்பது வாரங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெல்லத் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக வரும். முதல் ஒரு மாதம் வீட்டில் ஓய்வு, அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு மருத்துவமனைக்கு வந்து இணைகம்பிகளுக்கு நடுவே நின்று பழக வேண்டும் என்றார் மருத்துவர். "முதல் ஆறு மாசத்துல கால் எவ்வளவு கத்துக்குதோ அதுதான் லாபம். அப்புறம் கத்துக்கிறது ரொம்ப மெதுவா இருக்கும்" என்பது அவர் சொன்ன சொல். ஆறு மாதத்தில் மீதமிருப்பது ஏழு வாரங்கள். அக்கா இதுவரை ஒரு நாள்கூட அந்தக் கம்பிகளைத் தொடவில்லை. வீட்டுக்கு வரும் பயிற்சியாளரால் கையை மட்டுமே பழக்க முடிகிறது.

7. அக்காவின் சக்கர நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம். தூக்கிப் போகலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இருபக்கமும் ஆள் நின்று தாங்க அங்கே அகலம் இல்லை. தோளைப் பிடித்து இழுக்கவே கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். ஒடுக்கமான நாற்காலி வாங்கக் கூடாதா என்று இன்னொருவர் கேட்டார். இருபத்தோரு அங்குல நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி, ஒன்பது வாரங்களுக்கு முன் முயன்றோம். பாதி தூரம் போனது. அங்கே படிப்பகத்தின் மழைநீர்க் குழாய் நான்கு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கிறது. நாற்காலி முன்னே போகவில்லை. பின்னே இழுத்தபோது ஒரு சக்கரம் சாக்கடை மூடியின் விளிம்பில் இறங்கிவிட்டது. நாற்பது நிமிடங்கள் அக்கா அந்த இடுக்கில் இருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவருடைய இடக் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, புதிதாக வெள்ளையடித்த சுவரில் சட்டமன்ற உறுப்பினர் இத்தொகுதிக்குச் செய்த பணிகளின் பட்டியல் வரிசை எண்களோடு எழுதப்பட்டிருந்தது. நாற்காலியை ஒருவழியாகப் பின்னுக்கு எடுத்து வீட்டில் சேர்த்த பிறகு அக்கா சொன்னது இது: "இருபத்து மூணும் படிச்சுட்டேன்டி. பதினாலு ரெண்டு தடவை வருது. அவருக்கு ஒண்ணு கம்மியா எண்ணியிருக்காங்க." அதன் பிறகு அந்த நாற்காலியில் ஏற அவர் ஒப்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

8. என் மூன்று மனுக்களுக்கும் தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தாமதமில்லாமல் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றிலும் ஒரே வாசகம்: "மனுதாரர் கோரிய இடத்திலேயே கட்டப்பட்டுள்ளதால் மேல்நடவடிக்கைக்கு இடமில்லை." மூன்றோடும் ஒரே இணைப்பு: என் கையெழுத்திலுள்ள என் பழைய மனுவும், நான் போட்ட வரைபடமும். வெளியே போக வழி தேடி நான் எந்தக் கதவைத் தட்டினாலும் அதை உள்ளிருந்து சாத்துவது என் கையெழுத்தாகவே இருக்கிறது.

9. இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன். உதவிப் பொறியாளர் வரைபடத்தைக் கவனிக்காமல் இடத்தை மாற்றிவிட்டார் என்று மூன்று முறை எழுதினேன். அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டிருப்பதாக நேற்றுதான் அறிந்தேன். அவர் எதையும் மாற்றவில்லை. என் மேசை தெற்கு ஜன்னலை ஒட்டி இருக்கிறது. அதில் அமர்ந்து, எதிரே கண்ணில் பட்டபடியே வரைந்தேன். ஆகவே தாளின் மேற்பக்கம் தெற்காகவும் கீழ்ப்பக்கம் வடக்காகவும் அமைந்தது. கீழே மதிலோரத்து இடத்தில் பெருக்கல் குறி போட்டேன். பெரிய சாலை எது, மதில் எது என்று எழுதவில்லை. வடக்கைக் காட்டும் அம்புக்குறியையும் போடவில்லை. அம்புக்குறி இல்லாத படத்தில் மேற்பக்கத்தை வடக்காகக் கொள்வதுதான் முறை. பொறியாளர் முறைப்படி படித்தார். கீழே இருந்த குறி அவருக்குச் சந்தின் வாயைக் காட்டியது.

10. நான் புவியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். பள்ளிப் பிள்ளைகளுக்கான நிலவரைபட நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். அம்புக்குறி விட்டுப்போன பக்கங்களைச் சிவப்பு மையால் சுழித்து ஆண்டுக்கு இருபது முறையாவது திருப்பி அனுப்புகிறேன். அந்த வரைபடத்தை உறையில் போடும் முன்பு அக்கா எடுத்துப் பார்த்தார். அப்போது அவர் நன்றாக இருந்தார். "ஏண்டி, இதுல ஏற வழி எது, இறங்க வழி எது?" என்று கேட்டார். "பார்த்தாலே தெரியும் அக்கா" என்றேன்.

11. இதைவிடக் கடினமான பகுதி ஒன்று உண்டு. அக்காவை மருத்துவமனையில் வைத்திருந்த பத்தொன்பது நாட்களில் அஸ்திவாரம் போட்டு வேலை தொடங்கிவிட்டது. நாங்கள் திரும்பிய அன்று சந்தின் வாயில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. அதற்கு மேலாக ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக் கடத்திதான் அக்காவை உள்ளே கொண்டுவந்தார்கள். மறுநாள் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் போய், இடம் தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து என் வரைபடத்தை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். "மேடம் போட்ட படம்தான். இம்மி பிசகலை" என்றார். தாளைப் பார்த்த கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். முழங்கால் உயரத்தில் சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலையில் பிரித்திருப்பார்கள்.

12. சந்தில் மற்றவர்கள் ஏன் தடுக்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். ஐந்தாம் எண் வீட்டு மேஸ்திரி அந்தக் கட்டடத்தில் தினக்கூலிக்கு வேலை பார்த்தவர். தன் வீட்டுக்குப் போகும் வழியைத் தன் கையாலேயே அடைத்தார். பிறகொரு நாள் அவரிடம் கேட்டேன். "எனக்கும் மனசுல பட்டுது. ஆனா நீங்க போட்ட படம் மனு அக்கா. படிச்சவங்க, ஏதோ யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு பேசாம கல்லை வெச்சேன்" என்றார். பதினோரு வீட்டிலும் இதே எண்ணம்தான். யாராவது என்னைத் திட்டியிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

13. திறப்பு விழாவில் சட்டமன்ற உறுப்பினர் என்னை மேடைக்கு அழைத்தார். "படத்தோட மனு கொடுத்தது இந்தத் தொகுதியிலேயே இவங்க ஒருத்தங்கதான். எங்க கேட்டாங்களோ அங்கயே கட்டிக் கொடுத்துட்டோம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் நன்றி என்றேன். அந்த "நன்றி" ஒலிபெருக்கி வழியாக எங்கள் வீட்டுக்குள்ளும் கேட்டதாக அக்கா பிறகு சொன்னார். சாலைப் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் ஒன்றையும் சட்டமன்ற உறுப்பினர் கைப்பிடியோடு அமைக்கச் செய்திருக்கிறார். அவரே நின்று சரிவை அளந்து பார்த்தாராம். நல்ல சாய்தளம். என் அக்கா அதற்கு அறுபது அடி தூரத்தில் இருக்கிறார்.

14. எனவே தங்களிடம் நான் பணிவுடன் கேட்பது: கட்டடத்தை இடிக்க வேண்டாம். பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அதன் பின்சுவரில், சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல் இருக்கிறது. அகலம் நாற்பத்திரண்டு அங்குலம். அதன் கீழே பன்னிரண்டு வரிசைச் செங்கல். கம்பியைக் கழற்றி அந்தப் பன்னிரண்டு வரிசையை எடுத்துவிட்டால் ஜன்னல் வாசலாகிவிடும். மேலே சுவரைத் தாங்கப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. சந்திலிருந்து உள்ளே நுழைந்து, படிப்பகத்தின் குறுக்காக, முன்கதவு வழியே சாய்தளத்தில் இறங்கிச் சாலையை அடையலாம். அரை நாள் வேலை என்கிறார் மேஸ்திரி. அரசுக் கட்டடத்தில் நாங்களாகக் கைவைக்க உரிமை இல்லை என்பதால் அனுமதி கேட்கிறோம். இம்முறை புதிய வரைபடம் இணைத்துள்ளேன். சாலையும் மதிலும் குறிக்கப்பட்டுள்ளன, அம்புக்குறி போடப்பட்டுள்ளது. முன்கதவு மாலை நான்கிலிருந்து ஏழு வரை மட்டுமே திறக்கப்படுவதால், ஒரு சாவி எங்கள் சந்திலும் இருக்க ஆணையிட வேண்டும். உதவிப் பொறியாளரிடம் கேட்ட விளக்கத்தையும் தயவுசெய்து திரும்பப் பெற வேண்டும். தவறு என்னுடையது.

15. இந்த மனுவை இன்று மாலை சந்துக்காரர்கள் அனைவர் முன்பும் முழுவதுமாகப் படித்துக் காட்டுவேன். அதன் பிறகும் கையொப்பமிட விரும்புகிறவர்களின் கையொப்பங்களோடு நாளை காலை நேரில் சேர்ப்பேன். விரைந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். ஏழு வாரங்கள் என்பதைத் தாங்கள் நினைவில் வைத்தால் போதும்.

இடம்: மேற்படி சந்து
நாள்: பதினான்காம் தேதி, வியாழக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஏழாம் எண் வீடு
மற்றும் பத்து வீட்டாரின் கையொப்பங்கள்

பிற்சேர்க்கை – பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை

இந்த மனு இன்று காலை தங்கள் அலுவலகத்தில் ஏற்கப்படவில்லை. ஆகையால் இன்று நடந்ததையும் சேர்த்து அஞ்சலில் அனுப்புகிறேன்.

நேற்று மாலை எல்லோர் முன்பும் படித்துக் காட்டினேன். மேஸ்திரி மட்டும், "அந்த ஜன்னல் பத்தி எழுதினதை இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன். பத்து வீட்டாரும் கையொப்பமிட்டார்கள்.

இன்று பத்தரை மணிக்குத் தங்கள் அலுவலக எழுத்தர் மனுவை வாங்கிப் பார்த்தார். "நாலாவது கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா. யார் பேராவது போடுங்க" என்றார். என் பெயரையே போடச் சொன்னேன். தட்டிப் பார்த்துவிட்டு, "மனு கொடுக்கிறவரும் எதிராளியும் ஒரே ஆளா இருந்தாலும் எடுத்துக்காது. வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சு, யாராவது ஒருத்தரைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் அன்பாகத்தான் சொன்னார்.

ஒரு மணிக்கு வீடு திரும்பினேன். ஜன்னலுக்குக் கீழே ஓரிரண்டு செங்கல் தவிரச் சுவர் இல்லை. கம்பி கழற்றப்பட்டு ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யார் அனுமதி கொடுத்தது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "நீங்கதான் எழுதியிருக்கீங்களே மனு அக்கா. எந்த ஜன்னல், எத்தனை வரிசை, எல்லாம் இருக்கு. இந்தத் தடவை வடக்குகூட போட்டிருந்தீங்க" என்றார். அது அனுமதி கேட்கும் மனு, அனுமதி அல்ல என்று விளக்கினேன். "அது சரி" என்று சொல்லிவிட்டுக் கடைசிச் செங்கல்லையும் எடுத்துவிட்டார்.

பழவண்டிக்காரர் தம் வண்டியின் பலகையைக் கழற்றிச் சரிவாகப் போட்டார். அதன் மேல் ஏற்றி, அக்காவைச் சக்கர நாற்காலியோடு படிப்பகத்துக்குள் கொண்டுவந்தோம். அப்போதுதான் முன்கதவு பூட்டியிருப்பது எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. சாவி வைத்திருக்கும் பொறுப்பாளர் வெளியூர் போயிருந்தார். நான்கு மணிக்கு வந்துவிடுவார் என்றார்கள். மீண்டும் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். "பின்படியில ஏறியாச்சு. முன்படியில இறங்காம எப்படி?" என்றார் அக்கா. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இரண்டே முக்கால் மணி நேரம் அந்தக் கம்பிக் கதவின் முன் உட்கார்ந்து, பதினாறு வாரங்களாகப் பார்க்காத சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிற பேருந்துகளின் தடம் எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

நான்கு மணிக்குப் பொறுப்பாளர் வந்தார். கம்பிகளுக்கு ஊடாகப் பின்சுவரைப் பார்த்து, "என்னங்க இது, புத்தகம் திருடவா இவ்வளவு பெரிய ஓட்டை?" என்று கத்தினார். "ஆள் உள்ள இருக்கு. முதல்ல கதவைத் திற. அப்புறம் கத்து" என்றார் அக்கா. திறந்தார். சாய்தளத்தில் இறங்கும்போது அக்கா இடது கையால் நாற்காலியின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்" என்றார்.

மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவை நான்கரைக்கு மூடிவிடுகிறார்கள். நாங்கள் சேர்ந்தபோது நான்கு நாற்பது. பயிற்சியாளர் அம்மையார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். அக்காவைப் பார்த்தார். பையைக் கழற்றி மீண்டும் மேசை மேல் வைத்தார். அக்கா கம்பிகளைப் பிடித்து எழுந்து, பயிற்சியாளர் பதினொன்று எண்ணும் வரை நின்றார். "இன்னிக்கு ஒரு நாள்தான். இனிமே காலைல எட்டு மணிக்கு வந்தாத்தான் பார்க்க முடியும்" என்றார் பயிற்சியாளர்.

எடுத்த செங்கற்கள் நூற்றுப் பன்னிரண்டு; அவற்றில் எட்டு உடைந்துவிட்டன. மீதியைச் சந்தின் ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக நடவடிக்கை எடுப்பதாயின் என் மீது எடுக்கவும். அப்படி எடுத்தால் புகார் கொடுப்பவர் வேறு, எதிராளி வேறு; கணினியும் ஏற்றுக்கொள்ளும்.

அக்காவை அதே வழியில் வீடு சேர்த்த பிறகு, முன்கதவு வழக்கம்போல் ஏழு மணிக்குப் பூட்டப்பட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குச் சாவி வேண்டும்.

(ஒப்பம்)
ஏழாம் எண் வீடு